நீண்டுபோன ஏகாதசி

ஏகாதசி வந்தால் வடக்குச் சித்திரை வீதியில் பூமாவின் போன் ஓயாது. "மாமி, நாளைக்கு எத்தனை மணிக்குப் பாரணை?" என்று கேட்பார்கள். விரதம் இருந்தவர்கள் மறுநாள் காலையில் முதல் கவளம் சாப்பிடும் நேரம் அது. பஞ்சாங்கம் பார்க்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்திலேயே கற்றுக்கொண்டவள். வெளிநாட்டிலிருந்து கேட்டால், "நீ இருக்கிற ஊர்ல சூரியோதயம் ஆகணும். நம்ம ஊர் கணக்கு அங்க செல்லாது" என்பாள். அவள் மட்டும் விரதத்தன்று தீர்த்தம்கூட வாயில் விடமாட்டாள்.

டொராண்டோவில் மகள் சுப்ரஜாவுக்கு ஏழாம் மாதம். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஜகன்னாத் வேலைக்குப் போய்விட்டால் துணைக்கு ஆளில்லை. பூமா கிளம்பித்தான் ஆகவேண்டும். வெளியில் சாப்பிட்டுப் பழக்கமில்லாததால் ஏகாதசியன்றே டிக்கெட் போடச் சொன்னாள். திருச்சியில் விடியற்காலை ஏறி, வளைகுடாவில் விமானம் மாறி, அன்று சாயங்காலம் இறங்கிவிடலாம். விரத நாளாகையால் சாப்பாட்டுக் கவலையே இல்லை. தன் சாமர்த்தியத்தில் அவளுக்கே பெருமை.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள் போனில் சிரித்தாள்.

"அம்மா, அது இந்த ஊர் சாயங்காலம். இங்க கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் பின்னால ஓடறது. பதினாலாயிரம் கிலோமீட்டர்மா. நடுவுல காத்திருக்கறதையும் சேர்த்தா முழுசா ஒரு நாள் ஆகும்."

பூமா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மேற்கே போகப் போகப் பகல் நீளும். அடுத்த சூரியோதயம் அவளுக்கு டொராண்டோவில்தான். கிட்டத்தட்ட ஒன்றரை நாள் பட்டினி! போன மார்கழியில் ஒரு நாளைக்கே மயங்கி விழுந்தவள்.

"பெருமாள் உனக்குன்னு ஏகாதசியைத் தனியா இழுத்து விட்டிருக்கார்டி" என்றார் கணவர் அழகியமணவாளன். "நம்ம ஊர் விடியலுக்கே பாரணை பண்ணிடேன். ஆகாசத்துல யார் பாக்கப்போறா?"

"ஊருக்கெல்லாம் ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கா, ஏன்னா?"

"அப்ப மயங்கி விழு. பொண்ணு எழுந்து வந்து உனக்குக் கஞ்சி வெச்சுக் கொடுக்கட்டும்."

அது சுருக்கென்று தைத்தது. முடியாதவர்கள் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள்! தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும்படி அவளைப் பெருமாள் கேட்கவில்லை. 'பூமா மாமி மாதிரி உண்டா' என்று வீதி சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் விழ முடியுமா? கைப்பையில் நாலு பூவன் பழத்தை வைத்துக்கொண்டாள்.

விமான ஜன்னலில் சூரியன் இறங்கவே மாட்டேன் என்று நின்றது. பணிப்பெண் பால் கொண்டுவந்தாள். பூமா கண்ணை மூடி ஒரு தரம் ரங்கா என்றாள், குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பழத்தையும் உரித்தாள்.

டொராண்டோவில் மாப்பிள்ளை சக்கர நாற்காலியோடு நின்றான்.

"யாருக்கு, எனக்கா? அதுல பெட்டியை வையுங்கோ."

வீட்டுக்குள் நுழைந்ததும் சுப்ரஜா சோபாவிலிருந்து எழப் பார்த்தாள்.

"படுடி. எனக்குத்தான் விரதம், நீ சாப்பிட வேண்டாமா?" பூமா கைகால் அலம்பிக்கொண்டு வந்தாள். "மாப்பிள்ளை, அரிசி எங்க இருக்கு? ரசத்துக்குப் புளி இருக்கோ?"

ஜகன்னாத் அலமாரியைத் திறப்பதற்குள் அவளே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.