ஆறு மணிக்குள் ஒரு வாக்கியம்

மதுரை தல்லாகுளத்தில் ஒரு மக்களவை உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற மனுக்களைப் பிரித்து வைப்பது, பதில் கடிதங்களைத் தட்டச்சு செய்வது, எம்.பி. ஊருக்கு வரும் நாட்களில் எந்தெந்த விசேஷங்களுக்குப் போக வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது என் பொறுப்பு. படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஆட்களிடம் பேசுவதுதான் எனக்கு வராது. அதை எம்.பி.யின் உதவியாளர் பார்த்துக்கொள்வார். நாற்பதைத் தொட்டவர், கோபமாக வருகிறவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பத் தெரிந்தவர். நான் உள்ளறையிலேயே இருந்துகொள்வேன்.

என் ஊர் வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், ரயில் பாதையைத் தாண்டி இருக்கிறது. முன்பு அங்கே கேட் இருந்தது. அதை மூடிவிட்டுத் தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டினார்கள். ஊரில் அதைப் பாலம் என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் வயல் தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கி நிற்கும். போன கார்த்திகையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தபோது உள்ளே இடுப்பளவு தண்ணீர். அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தண்டவாளத்தின் மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். ரயில் வருகிறதா என்று பார்க்க நான் முன்னால் நின்றேன். ஒரு பக்கம் வளைவு, எதுவும் தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அந்த நாற்காலி இன்னும் அவள் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் என் காது தானாக ரயிலைத் தேடும்.

இந்த வருடம் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்னால் டெல்லியில் இருக்கும் எம்.பி.யின் செயலாளர் போன் செய்தார். சென்னைப் பெண், படபடவென்று பேசுவார். உறுப்பினர்கள் தங்கள் பெயரில் தீர்மானம் கொண்டுவரலாம், அதற்குக் குலுக்கல் உண்டு, சும்மா பெயரைக் கொடுத்து வைப்போம், எல்லா ஊருக்கும் பொதுவான ஒரு பிரச்சினை சொல்லுங்கள் என்றார். உதவியாளர் வெளியே போயிருந்தார். அறையில் நான் மட்டும்தான்.

"ரயில்வே சுரங்கப்பாதையில தண்ணி நிக்கிறது" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

எங்கள் எம்.பி. முதல்முறை ஜெயித்தவர். கடைசி வரிசையில் உட்கார்கிறவர். பெயர் விழும் என்று யாரும் நினைக்கவில்லை. விழுந்துவிட்டது. செயலாளர் எனக்குப் புரியும்படி விளக்கினார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மூன்றரையில இருந்து ஆறு வரைக்கும்தான் இதுக்கு நேரம். முதல்ல போன தடவை பாதியில நின்ன ஒரு தீர்மானம் இருக்கு. அடுத்தது நம்மளது. அது ஆறு மணி வரைக்கும் இழுத்துட்டா நம்மளது போச்சு, மறுபடி குலுக்கல்ல விழணும். ஆனா ஆறுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கூப்பிட்டாக்கூடப் போதும். சார் எழுந்து 'முன்மொழிகிறேன்'னு அந்த ஒரு வாக்கியத்தை வாசிச்சிட்டா அது உயிரோட இருக்கும். அடுத்த முறை நம்மளதுதான் முதல்ல."

அன்று ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். நான் எதையும் வெளியே சொல்கிறவள் இல்லை. இதை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் டீக்கடையில் சொன்னாள். மறுநாள் காலையில் நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது, "வெள்ளிக்கிழமை நம்ம பாலம் டிவியில வருதாமே?" என்று மூன்று பேர் கேட்டார்கள்.

அலுவலகத்துக்கு வந்து எம்.பி.யின் நிகழ்ச்சிகளைப் பார்த்தேன். அதே வெள்ளிக்கிழமை காலை, வாடிப்பட்டியில் ஒரு காதுகுத்து. உரக்கடை வைத்திருப்பவரின் பேரனுக்கு. கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருக்கிறவர். குலுக்கலுக்கு முன்பே வந்து தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து அழைத்திருந்தார். எம்.பி. இரண்டு கையாலும் தட்டை வாங்கியிருந்தார். காதுகுத்துக்கு வந்தால் மாலைக்குள் டெல்லி திரும்ப முடியாது.

உதவியாளரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்க யாருக்கா இருக்கப் போறா? ஏசியும் வாட்ச்மேனும்தான். அம்புட்டுப் பேரும் ஊருக்குக் கெளம்பிருவாங்க. அண்ணன் இங்க வந்து காதுகுத்துல ஒக்காந்தா நாலு ஓட்டாவது மிஞ்சும்."

"நீங்க உரக்கடைக்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

"நானா? பேரனுக்குக் குத்துற ஊசிய எனக்குக் குத்திருவாரு. ஆளை விடுக்கா."

வேறு வழியில்லாமல் டெல்லியில் இருந்த எம்.பி.க்கே போன் போட்டேன். அதுவரை நானாக அவருக்குப் போன் செய்ததில்லை. இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிட்டேன். அவரே திரும்ப அழைத்தார்.

"ஏம்மா, என்ன விஷயம்?"

சொன்னேன்.

"எனக்கும் அதுதாம்மா ஓடிக்கிட்டிருக்கு. ஆனா தட்டை வாங்கிட்டேனே. வாங்கிட்டு நானா வரலேன்னு சொன்னா அது அவமரியாதை. அவரு வாயால பரவாயில்லைன்னு சொன்னா இங்கயே இருந்துக்கிருவேன்."

இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். தட்டு வைத்தவர் விடுவித்தால்தான் விடுதலை.

மாலையில் வாடிப்பட்டியில் இறங்கியதும் ஊர் ஆட்டோவில் ஏறாமல் உரக்கடைப் பக்கம் நடந்தேன். கடைக்கு எதிரே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். பேரன் ஒரு பக்கம் கையைக் கட்டி நிற்கிறான், எங்கள் எம்.பி. இன்னொரு பக்கம் கும்பிடுகிறார். அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வா தாயி. எம்.பி. ஆபீஸ்தானே நீ? வெள்ளிக்கிழமை காலையில எத்தனை மணிக்கு வாராரு?"

ஒருவழியாக விஷயத்தைச் சொல்லி முடித்தேன். அவர் முகம் மாறியது.

"அப்ப வரலேங்குறீக."

"இல்லண்ணே. நீங்க சொன்னா வந்துருவாரு. அதனாலதான் உங்கள்ட்ட வந்தேன்."

"பாலத்துல தண்ணி நிக்கிதுன்னு டெல்லியில பேசினா, தண்ணி வத்திருமாக்கும்?"

"வத்தாதுண்ணே."

"பெறகு எதுக்கு?"

"பேசினா ரயில்வே மந்திரி எந்திரிச்சுப் பதில் சொல்லணும்ணே. சொன்னது எழுத்துல இருக்கும். இப்ப நாம மனுப் போட்டா யாரும் பதில் சொல்றதில்ல."

கடையில் உரம் வாங்க வந்திருந்த இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் புடவைத் தலைப்பை எத்தனை முறை முறுக்கினேன் என்று தெரியாது. எங்கிருந்து வந்ததோ, "ஞாயித்துக்கிழமை கறிவிருந்து இருக்குல்லண்ணே? அதுக்குக் கட்டாயம் வந்துருவாரு. வெள்ளிக்கிழமை சாம்பார்தானே" என்றேன்.

வாங்க வந்தவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். உரக்கடைக்காரரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "சாம்பாருக்கு வராத ஆளு கறிக்கு மட்டும் வருவாராக்கும்!" என்றார். போனை எடுத்து எம்.பி.யைக் கூப்பிட்டார்.

"மாப்ள, நீங்க அங்கயே இருங்க. ஞாயித்துக்கிழமை வந்து புள்ளைய மடியில வச்சு ஒரு போட்டோ எடுக்கணும். அதுக்கும் வரலேன்னா ஃபிளெக்ஸுல உங்க மூஞ்சிய வெட்டி எடுத்துருவேன், சொல்லிப்புட்டேன்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் அலுவலக டிவிக்கு முன்னால் உதவியாளரும் நானும் உட்கார்ந்திருந்தோம். காதுகுத்துக்குப் போய்விட்டு வந்த அவர் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. அவையில் முக்கால்வாசி இருக்கைகள் காலி. பெரும்பாலும் இந்தியில் பேசினார்கள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் முடிக்கப் போகிறார், யார் தொடங்கப் போகிறார் என்பதை அவர்கள் தோளைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தாளை மடிப்பார், அப்பாடா என்று நினைப்பேன், அடியிலிருந்து இன்னொரு தாளை எடுப்பார். எப்போதாவது காட்சி மாறும்போது கடைசி வரிசையில் எங்கள் எம்.பி. தெரிவார். கையில் அந்த வாக்கியம் எழுதிய தாள். முடி வெட்டக் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஐந்தரைக்குத்தான் அந்தப் பழைய தீர்மானத்துக்கு மந்திரி பதில் சொல்ல எழுந்தார். உட்காரவில்லை.

"இவரு வீட்ல யாரும் பேச விடுறதில்ல போல" என்றார் உதவியாளர். எனக்குச் சிரிக்க வரவில்லை. ஊர் டீக்கடையில் எத்தனை பேர் இதே படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

மந்திரி முடித்தார். பழைய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் எழுந்து ஏதோ சொன்னார், வாபஸ் வாங்குகிறார் என்று செயலாளர் போனில் செய்தி அனுப்பினார். மணி ஆறைத் தொட இரண்டு நிமிடம்கூட இல்லை. தலைமை நாற்காலியில் இருந்த அம்மா எங்கள் எம்.பி.யின் பெயரைச் சொன்னார்.

அவர் எழுந்தார். கும்பிட்டார். பேச ஆரம்பித்தார். அது அந்த வாக்கியம் இல்லை. மேடையில் பேசுவது போல, கட்சித் தலைமைக்கு நன்றி, வாக்களித்த பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி, மதுரை மண்ணுக்கு வணக்கம் என்று வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சாளர்கள் யாரும் அவையை வணங்காமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். இருபது வருடம் மேடையில் பேசிய வாய், எழுந்ததும் தானாக அந்த வழியில் போய்விட்டது.

"அண்ணே, வாசிங்கண்ணே!" என்று உதவியாளர் டிவியைப் பார்த்துக் கத்தினார். அவ்வளவு நேரம் கேலி பேசியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

தலைமையில் இருந்த அம்மா விரலை ஆட்டினார். எங்கள் எம்.பி. நிறுத்தினார். தாளைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் வாசித்தார். கடைசிச் சொல் முடிந்ததும் அந்த அம்மா, அடுத்த முறை தொடரலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவை கலைந்தது.

"செல்லும், செல்லும். பதிவாயிடுச்சு" என்று செயலாளர் போனில் சொன்ன பிறகுதான் எழுந்து டிவியை அணைத்தேன்.

ஊருக்குப் போகும்போது தூறல். ஆட்டோ சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. உள்ளே தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. வளைவைப் பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தேன். டீக்கடையில் பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏக்கா, மத்தியானத்துல இருந்து காத்துக் கெடந்தோம்" என்றார் டீக்கடைக்காரர். "உங்காளு எந்திரிச்சாரு, கும்புட்டாரு, ஒக்காந்துட்டாரு. இம்புட்டுத்தானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. இம்புட்டுத்தான் வேண்டியிருந்தது, இனி நம் தீர்மானம்தான் முதலில் வரும், அன்றைக்கு மற்றவர்களும் இதைப் பற்றிப் பேசுவார்கள், மந்திரி பதில் சொல்வார் என்று திக்கித் திக்கிச் சொன்னேன்.

"அது எப்ப?"

"ஒரு வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை."

அவர் கையைத் துடைத்துவிட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் தாள்களைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மார்கழி பொறக்கிறதுக்கு முன்னாடி கடைசி முகூர்த்தமாச்சே. எனக்கே அன்னைக்கு மூணு கல்யாணம் இருக்கு. எம்.பி.க்கு?"

உள்ளறையில் நான் அடுக்கி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் கண்முன் வந்தன. எத்தனை வீட்டுத் தட்டு வாங்கியிருக்கிறோம் என்று மனதுக்குள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். உரக்கடைக்காரரிடம் சொன்னதை அத்தனை வீட்டிலும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக் கறிவிருந்து கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்தேன். "நாளையில இருந்து கொஞ்சம் வீடுகளுக்குப் போகணும். பிள்ளையத் தூக்கிட்டு எங்கூட வாரியா?"

அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள்.

"வாரேன்" என்றாள். "அந்த நாற்காலியவும் எடுத்துக்கிறவா?"