ஐம்பது யூனிட் வரைக்கும்

1983 மே 11, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திரத்தின் எட்டாம் நாள். கடல்காற்று இன்னும் ஏறவில்லை. காரைக்கால் மின்சார அலுவலகத்தில், மீட்டர் பழுது என்று மனு எழுதி, பரிசோதனைக்குப் பத்து ரூபாய் கட்டி, ரசீதோடு நின்றேன். என் சட்டைப்பையில் எங்கள் வீட்டு மெயின் பியூஸ் கட்டை இருந்தது.

மார்ச்சில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தலத்தெருவில் எங்களுடையது ஓட்டு வீடு. வயிற்றில் தையலோடு பகலில் அவளால் அங்கே படுக்க முடியவில்லை. விசிறி கேட்டாள். இரவு ஒன்பதிலிருந்து பத்து வரை என்று நேரம் குறித்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில். ஜனவரியில் பன்னிரண்டு ரூபாய். விளக்குகளைக் குறைத்தேன். மார்ச்சிலும் பன்னிரண்டு. நான் மிச்சம் பிடிப்பதை இவள் பகலில் எரிக்கிறாள் என்று தீர்மானித்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிரெவே என்ற பள்ளிப் பரீட்சை தேறி, நெல் மில்லில் கணக்கு எழுதியவன் நான். தொகையைப் பார்த்தேனே தவிர, மீட்டர் அட்டையில் யூனிட் எழுதிய கட்டத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனேன்.

"என்னையும் பையில போட்டுக்கிட்டுப் போங்க. அங்கயாவது காத்து வரும்" என்றாள்.

மே மாதமும் பன்னிரண்டே வந்தது. அதனால்தான் மனு.

குமாஸ்தா அட்டையை வாங்கிப் படித்தார். "பதினாலு, பதினொண்ணு, எட்டு. ஐயா, வீட்ல ஆளு இருக்காங்களா, பல்லி மட்டுமா?"

"பணம் ஏன் குறையல?"

"அது குறைஞ்சபட்சக் கட்டணம். எட்டு எரிச்சாலும் பன்னெண்டு, ஐம்பது வரைக்கும் எரிச்சாலும் பன்னெண்டு. பூட்டிப் போட்டாலும் பன்னெண்டு. கம்பி இழுத்துக் குடுத்திருக்கோம்ல?"

ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன். அறுபது வாட் விசிறி, பகலில் பத்து மணி நேரம், அறுபது நாள்: முப்பத்தாறு யூனிட். எட்டையும் சேர்த்தால் நாற்பத்து நான்கு. அதற்கு மேலும் ஆறு மீதி. இரண்டு மாதமும் அவள் விசிறிக்கடியில் படுத்திருக்கலாம். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்திருக்கும்.

பத்து ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். "ரசீது போட்டாச்சுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து கட்டையைச் செருகி விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். அவள் சுவரோரம் ஈரத்துணியை வயிற்றில் போட்டுப் படுத்திருந்தாள். "இனிமே பகலெல்லாம் ஓடட்டும். ஒரு பைசா கூட ஆகாது" என்றேன். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன்.

என்னையே பார்த்தாள். "ஆவாதுன்னு தெரிஞ்சதும் போடுறீங்க."

சுவரைப் பிடித்து எழுந்து விசிறியை நிறுத்தினாள். மறுநாள் அவள் அண்ணன் வந்து திருமலைராயன்பட்டினத்துக்கு அழைத்துப் போனார்.

ஞாயிறுதோறும் போனேன். எந்நேரமும் அங்கே விசிறி ஓடியது. "எங்களுக்கு இருபத்தெட்டு ரூவா வருது மாப்ளே. கட்டுறோம், யாரும் சாகல" என்றார் அண்ணன். அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. காப்பி மட்டும் வந்தது.

நூற்றுப் பதினெட்டு நாள் கழித்துத் திரும்பினாள். சமைத்தாள், துவைத்தாள். நான் வீட்டில் இருக்கும்போது விசிறிக்குக் கீழே உட்கார்ந்ததில்லை. நான் போட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள். பட்டினியாகக் கிடந்து, விசிறிக்குக் கீழே வந்து உட்காரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

மிச்சம் பிடித்ததற்கு ஆன செலவை எழுதிப் பார்த்தேன். மெஸ் சாப்பாடு நூற்றுப் பதினெட்டு நாள், நாளுக்கு ஐந்து ரூபாய் வீதம் 590. பஸ் பதினேழு ஞாயிறு, போக வர 1.20 வீதம் 20.40. மீட்டர் பரிசோதனை 10. அவள் சாப்பாடு மிச்சமானதைக் கழிக்கவில்லை. ஆக 620 ரூபாய் 40 காசு.