கும்பத்தடியில் ஒரு துவக்கு

எங்கள் சனம் கடல் கடந்து வந்து குடியேறிய லிட்கத்தில் கேதீஸ்வரனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சுத்தான் வரும். "தங்கமான மனுசன். ஆனால் அந்தத் துவக்கு..." என்று இழுப்பார்கள். இழுக்கிற ஆட்களில் ஒருத்தராவது அவர் மனைவி இராஜேஸ்வரியிடம் வந்து நேரே கேட்டார்களா? இல்லை. அந்தச் சாமானோடு ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழும்பியவள் அவள்தான். கேட்டிருந்தால் நன்றாகச் சொல்லியிருப்பாள்.

துவக்கு வீட்டுக்கு வந்தபோது அது ஒரு பகிடியாகத்தான் இருந்தது. எழுபத்தைந்தாம் ஆண்டு, கேதீஸ்வரன் இரும்புப் பட்டறையில் இயந்திரம் பொருத்துகிற பிற்றராகச் சேர்ந்த புதிது. கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்கள் லீவு நாட்களில் முயல் சுடப் போவார்களாம், இவரையும் கூப்பிட்டார்களாம். தூண்டிலும் கிரிக்கெட் மட்டையும் விற்கிற கடையிலேயே துவக்கும் விற்றார்கள். கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு வந்தார். "வெள்ளிக்கிழமை முட்டை தொடாத ஆள் முயல் சுடப் போறாராம்!" என்று இராஜேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். போனார், வந்தார், ஒரு முயல்கூடச் சாகவில்லை. அதன் பிறகு துவக்கு குசினிக் கதவுக்குப் பின்னால் கூட்டுகிற தும்புத்தடியோடு சாய்ந்து நின்றது.

சிரிப்பு நின்றது எழுபத்தேழு ஆவணியில். விட்டு வந்த ஊரில் மறுபடியும் தமிழரை அடிக்கிறார்கள், கடைகளைக் கொளுத்துகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்த நாட்கள். கேதீஸ்வரன் ரேடியோவுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு சாப்பாடு தண்ணி இல்லாமல் இருந்தார். அந்தக் கிழமைதான் துவக்கு குசினியை விட்டுக் கட்டிலுக்குக் கீழே வந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும்.

கலியாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அவர் சின்னப் பிள்ளை. தெற்கே, சிங்களவர் நடுவில், ஒரு சின்ன ஊரில் தகப்பனுக்குக் கடை. தமிழ்ச் சனமெல்லாம் ஒரு மண்டபத்துக்குள் ஓடி ஒதுங்கியது. தகப்பன் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த வேட்டைத் துவக்கோடு போனார். வாசலில் நின்ற பொறுப்பாளர், உள்ளே பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆயுதத்தோடு விட ஏலாது, இங்கே தந்துவிட்டுப் போங்கள் என்றார். தகப்பன் சட்டத்துக்குப் பயந்த மனுசன். கொடுத்துவிட்டார். பின்னேரம் கலவரக்காரர் கத்தி பொல்லோடு வந்தபோது துவக்கு வாசல் மூலையில் நின்றது, தகப்பன் வெறுங்கையோடு உள்ளே நின்றார். "குடுக்காதையுங்கோ அப்பா எண்டு கத்தினனான். அவர் ரெண்டு கையாலும் குடுத்தவர்," என்றார் கேதீஸ்வரன்.

அப்படிப்பட்ட மனிதரின் கண்ணில் அந்தப் பலகை பட்டிருக்கவே கூடாது.

எழுபத்தெட்டுப் பொங்கல். தமிழ்ச் சங்கம் வழக்கமாக வாடகைக்கு எடுக்கிற மண்டபம். அதற்கு முந்தி யாரோ ஒருவன் அங்கே நடந்த கலியாண வீட்டில் குடித்துவிட்டு மேலே பார்த்துச் சுட்டு, கூரையில் ஓட்டை போட்டுவிட்டானாம். அதனால் வாசலில் புதுப் பலகை: மண்டபத்துக்குள் துப்பாக்கி கொண்டு வரக்கூடாது. நியாயமான பலகைதான், யாரும் நின்று வாசிக்கவும் இல்லை. கேதீஸ்வரன் வாசித்தார். அவர் முகம் வெளிறிப்போனதை இராஜேஸ்வரி பார்த்தாள். அவளையும் மகள் ரஞ்சினியையும் உள்ளே அனுப்பிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், துவக்கோடு திரும்பி வந்து வாசல் படியில் உட்கார்ந்தார். பொங்கிய புக்கை சாப்பிட வந்த சனம் சேலையை ஒதுக்கிக்கொண்டு அவரைச் சுற்றிப் போனது.

சங்கத் தலைவர் டொக்டர் பாலகிருஷ்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன காணும் இது? பொலிசு வந்தால் எங்களுக்கு மண்டபமே தரமாட்டாங்கள்."

"நான் உள்ள வரேல்லையே டொக்டர். உள்ள கொண்டு வரக்கூடாது எண்டுதானே போட்டிருக்கு. இது என்ர எதிர்ப்பு. வாசலில துவக்கை வாங்கி வைக்கிற மண்டபத்துக்க என்ர பிள்ளை இருக்கேக்கை நான் வெறுங்கையோட இருக்க மாட்டன்."

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற கிழவன் நோர்மன் ஒரு கோப்பை தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தினான். யுத்தத்தில் நானும் ஒன்றைத் தூக்கித் திரிந்தவன்தான், திருப்பிக் கொடுத்த நாள்தான் எனக்கு நித்திரை வந்தது என்று இங்கிலீசில் சொன்னான். "குடுத்த பிறகு உன்னை ஆரும் வெட்ட வரேல்லையே," என்றார் கேதீஸ்வரன், அவரும் இங்கிலீசில். நோர்மன் எழும்பினான். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் இராஜேஸ்வரி கதவைச் சாத்திவிட்டுப் பிடித்தாள் பாருங்கள் ஒரு பிடி.

"இஞ்சாருங்கோ, உங்கட நெஞ்சு நோ எனக்கு விளங்குது. நீங்கள் படியில இருங்கோ, ரோட்டில இருங்கோ, சனம் என்னவும் கதைக்கட்டும். ஆனால் இது பிள்ளை ஓடித் திரியிற வீடு. துவக்குக்க தோட்டா போடக் கூடாது. பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சொல்லுங்கோ."

நிலத்தில் குந்தியிருந்து படம் கீறிக்கொண்டிருந்த ரஞ்சினியின் தலையில் கேதீஸ்வரன் கை வைத்தார். "சத்தியமா வெறுந் துவக்குத்தான்." குசினி மேசையில் வைத்து, துவக்கின் பூட்டை எப்படிப் பின்னுக்கு இழுத்து உள்ளே பார்ப்பது என்றும் காட்டிக் கொடுத்தார். வெறுமையாகத்தான் இருந்தது. அவளும் நம்பினாள். பிள்ளையின் தலையில் கை வைத்த பிறகு ஒரு தகப்பன் பொய் சொல்லுவானா? சொல்லமாட்டான் என்றுதானே எங்கள் சனம் எல்லாம் நினைக்கும்.

அதற்குப் பிறகு சித்திரைப் புத்தாண்டுக்கும் படியில்தான் இருந்தார், ஆடிக் கூழுக்கும் படியில்தான் இருந்தார். சனத்துக்கும் பழகிவிட்டது. "கேதீஸ் அங்கிள் காவல்" என்று பிள்ளைகள் பகிடி பண்ணத் தொடங்கினார்கள். பகிடி அவருக்குப் பிடிக்கவில்லை. புரட்டாதி பிறந்ததும் வீட்டில் கதை பேச்சுக் குறைந்தது. பின்வளவில் தனியே நின்று வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவார். அவள் கதவடியில் நின்று பார்ப்பாள். சரி, வெறுந் துவக்குத்தானே என்று தன்னையே தேற்றிக்கொள்வாள்.

வாணி விழாவன்று காலை கேதீஸ்வரன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "இண்டைக்குப் படியில இருக்கேல்லை. உள்ள வாறன்."

"உண்மையாவோ?" இராஜேஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. மனுசன் ஒருமாதிரித் தெளிந்துவிட்டாரே என்று தானே அவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். பாவம், வேறு என்ன நினைப்பாள்?

மண்டபத்தில் மேசை போட்டுக் கும்பம் வைத்திருந்தார்கள். வாணி விழா என்றால் அவரவர் படிப்புக்கும் தொழிலுக்கும் உரிய சாமானைக் கும்பத்தடியில் வைக்க வேண்டும். பிள்ளைகளின் புத்தகங்கள், டொக்டர் நெஞ்சு பார்க்கிற குழல், இராஜேஸ்வரியின் தையல் கத்தரிக்கோல், கேதீஸ்வரனின் ஸ்பனர் எல்லாம் வந்தன. மேலே வெள்ளைத் துணியால் மூடிவிட்டால் பூசை முடியும் வரை யாரும் தொடக்கூடாது. அப்படித் தொட்டவர்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டதும் இல்லை. அவள் வெளியே போய் வாழையிலை கழுவிக்கொண்டு வந்தபோது துணி மூடியாகிவிட்டது.

பூசை செய்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து மனுசர், கல்யாணசுந்தரம். அவர் மணி அடித்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இராஜேஸ்வரி அதைப் பார்த்தாள். வெள்ளைத் துணியின் ஓரத்தால் ஒரு மாம்பழ நிறக் கரை நீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய பழைய சேலை. வீட்டில் கட்டிலுக்குக் கீழே எதைச் சுற்றி வைத்திருக்கிற சேலை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பக்கத்தில் கேதீஸ்வரன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. எட்டிப் போய் இழுத்து எடுத்துவிடலாம். ஆனால் மூடி வைத்ததைப் பூசைக்கு நடுவில் தொடுவதா? சபை என்ன சொல்லும், அம்பாள் என்ன நினைப்பாள்? வெறுந் துவக்கு, பிள்ளை மேல் சத்தியம், வெறுந் துவக்கு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே கையைக் கூப்பியபடி நின்றாள். அங்கேதான் பிழை விட்டாள். நான் நின்றிருந்தாலும் அதே பிழைதான் விட்டிருப்பேன், நீங்களும்தான்.

தீபம் காட்டி முடிந்தது. கல்யாணசுந்தரம் துணியை விலக்கினார். "குழந்தைங்களா, ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க சாமானை எடுத்துக்கோங்க."

ஒவ்வொருத்தராகவா? பிள்ளைகள் பாய்ந்தன. ரஞ்சினி எல்லாருக்கும் முந்தி ஓடினாள். தன் புத்தகத்தை விட்டுவிட்டு, சேலை சுற்றிய நீட்டுச் சாமானைக் கட்டிப் பிடித்துத் தூக்கினாள். "இது அப்பாவின்ர!" சேலை கழன்று காலடியில் விழுந்தது. டிவியில் பார்த்த மாதிரியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற நோர்மனைப் பார்த்துத் திருப்பினாள். நோர்மன் அவளுக்கு எப்போதும் இனிப்புக் கொடுக்கிற கிழவன். சிரித்துக்கொண்டேதான் திருப்பினாள். நோர்மன் சிரிக்கவில்லை. கைகளை மெல்ல உயர்த்தினான்.

இராஜேஸ்வரி எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கும்பம் சரிந்து தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. துவக்கின் வாயை நிலத்தைப் பார்க்க அமத்தி, பிள்ளையின் விரலைப் பிரித்தெடுத்தாள்.

"ஒருத்தரும் பயப்பிடாதையுங்கோ," என்றார் கேதீஸ்வரன் நிதானமாக. "அவரவர் ஆயுதத்தை அவரவர் வைச்சியள், நானும் வைச்சன். அம்பாளே தள்ளி வைக்கேல்லை, பலகைக்கு என்ன வந்தது?"

அவள் துவக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் குசினி மேசையில் காட்டித் தந்தபடி பூட்டைப் பின்னுக்கு இழுத்தாள். தோட்டா ஒன்று துள்ளி விழுந்து, படி படியாய் உருண்டு, கீழே போய் நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எப்ப இருந்து இது?"

கேதீஸ்வரனுக்கு வெட்கம் வரவில்லை. "வெறுந் துவக்கை வைச்சு ஆரைக் காப்பாத்திறது, இராஜேஸ்?" என்று அவளிடமே கேட்டார், அவளுக்குத்தான் இவ்வளவு காலமும் விளங்கவில்லை என்பது போல.

அவள் திரும்பி நோர்மனிடம் துவக்கை நீட்டினாள். பாரமான சாமான், ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"குடுக்காதையுங்கோ!"

அது கேதீஸ்வரனின் குரல்தான், ஆனால் சின்னப் பிள்ளையின் குரல். மனைவியை அவர் ஒருநாளும் அப்படி 'ங்கோ' போட்டுக் கூப்பிட்டதில்லை. யாரைப் பார்த்துக் கத்துகிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கொடுத்தாள்.

துவக்கு பிறகு வீட்டுக்கு வரவில்லை. அவரும் கேட்கவில்லை. சங்கத்தின் விழா என்றால் இப்போதும் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். உள்ளே போகமாட்டார். காரை வாசலுக்கு நேரே நிறுத்திவிட்டு, எல்லாம் முடியும் வரை கதவைப் பார்த்தபடி இருப்பார். வெறுங்கைதான், ஆனாலும் சனம் அந்தக் காரைச் சுற்றித்தான் நடக்கும்.

சனிக்கிழமை காலையில் ரஞ்சினிக்கு எண்ணெய் வைத்து முழுக வார்ப்பது முன்பெல்லாம் தகப்பனின் வேலை. வாணி விழாவுக்கு அடுத்த சனிக்கிழமையும் எண்ணெய்ச் சிரட்டையோடு வந்து, பிள்ளைக்குப் பின்னால் குந்தி, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார்.

"பிள்ளை, இஞ்ச வா," என்றாள் இராஜேஸ்வரி குசினிக்குள் இருந்து.

குரலில் கோபம் ஒன்றும் இல்லை. ரஞ்சினி எழும்பிப் போனாள். கேதீஸ்வரன் கையை இறக்காமல், பிள்ளையின் தலை இருந்த இடத்தில் அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சிரட்டையைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தலையைத் தொடவில்லை.