இரண்டு தீவுகள், ஒரு பட்டுச்சேலை

என் மகளின் கலியாணத்துக்கு வர அக்காவுக்கு நெதர்லாந்து விசா இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. நானாவது போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவோம் என்று இந்த மாசியில் அக்கா இருக்கும் நெடுந்தீவுக்குப் புறப்பட்டேன். ரொட்டர்டாமில் என்னோடு வேலை செய்யும் மரிசாவும் கூட வந்தாள். அவள் கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவுக்காரி.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு பஸ். குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலம். முன்பக்கம் இருந்தால் நனைவீர்கள், சொல்லிவிட்டேன்.

இறங்குதுறையில் காத்திருந்த அக்கா எங்களை ஓட்டோவில் ஏற்றி நேரே ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டைக்குக் கொண்டுபோனா. இடிந்த சுவரின் நிழலில் இருந்தோம்.

"இவவின்ர தீவையும் ஒல்லாந்தர்தானே பிடிச்சவை?" என்று அக்கா என்னைக் கேட்டா.

"ஓம்."

"பிறகென்னண்டு இவவுக்கு அவையின்ர பாஸ்போட்? எனக்கு ஒரு மாச விசாவுக்கே வழியில்லை!"

மரிசா சொல்லச் சொல்ல நான் தமிழாக்கினேன். குராசோ இன்றும் நெதர்லாந்து இராச்சியத்துக்குள் ஒரு நாடு. நாடாளுமன்றமும் பிரதமரும் தனி. அரசரும் கடவுச்சீட்டும் பொது. படையும் வெளியுறவும் இராச்சியத்தின் கையில்.

"குடுத்துவைச்சவ," என்றா அக்கா.

மரிசா சிரித்தாள். இராச்சியத்தின் அமைச்சரவை கூடி முடிவெடுக்கும்போது ஒல்லாந்து அமைச்சர்கள் எல்லாரும் இருப்பார்களாம், அவளுடைய தீவுக்கு ஒரேயொரு கதிரையாம்.

"ஒண்டெண்டாலும் கதிரை கதிரைதானே. என்னை வாசலோடயே திருப்பிவிட்டிட்டாங்கள்."

அதே கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நான் யாரைத் திட்டுவது?

கோட்டை பார்க்கக் கட்டணமில்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். தீவில் திரியும் காட்டுக் குதிரைகளைத் தூரத்தில் நின்று பாருங்கள், கிட்டப் போய்ப் படமெடுக்க வேண்டாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள், அடிக்கடி மாறும்.

பின்னேரம் படகேறும்போது அக்கா ஒரு துணிப்பையை மரிசாவின் கையில் வைத்தா. கலியாணத்துக்கென்று தனக்கு வாங்கிய ஊதாப் பட்டுச்சேலை!

"பெரியம்மா நிக்கவேண்டிய இடத்தில நீர் நில்லும் பிள்ளை. நீரும் தீவுப்பெட்டைதானே."

"அக்கா, அவளுக்குச் சேலை கட்டத் தெரியாது."

"நீ கட்டிவிடு. என்ர பெட்டைக்குப் பெரியம்மா இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

இதை மரிசாவுக்கு ஒல்லாந்து மொழியில் சொல்லத் தொடங்கினேன். அவள் முடியுமட்டும் காத்திருக்கவில்லை, அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக ஒன்று. நனையக்கூடாத பொருள் இருந்தால் பொலித்தீன் பை கொண்டுபோங்கள். எங்களிடம் இருக்கவில்லை. மரிசா தன் மழைச்சட்டையைக் கழற்றிச் சேலையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குறிகட்டுவான் வரைக்கும் தான் நனைந்துகொண்டு வந்தாள்.