ஜோடி சேராத இரண்டு செல்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தான். அடுக்குமாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் லிஃப்ட் ஏறி இறங்குகிற கிணறு இருக்கிறதே, அதில் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு செய்கிற வேலை. வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் உள்ளே கும்மிருட்டு. இரண்டு கையும் ஸ்பானரிலோ போல்ட்டிலோ மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் டார்ச் வாயில் இருக்கும். பல்லால் கவ்விக்கொள்வான். தலை திரும்புகிற பக்கம் வெளிச்சமும் திரும்பும். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'பல்லு லைட்டு'. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் வராது. பெருமைதான்.

தலையில் மாட்டுகிற விளக்கு இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஹெல்மெட்டின் மேல் பட்டை நிற்பதில்லை, ஒரு தடவை வழுக்கி விழுந்து கீழே குழியில் சுக்குநூறானது என்றான். ஹெல்மெட்டோடு சேர்ந்தே வருகிற விளக்கைக் கம்பெனி தரவேண்டும். கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கு" என்பார்கள். இரண்டு வருடமாக அந்த ஆர்டர் எங்கே நடந்து வந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான் வேலை பார்ப்பது டார்ச், பேட்டரி, சார்ஜர் விற்கிற கடையில். பதினோரு வருடம் ஆகிறது. என் மேசையில் நகைக்கடையில் வைத்திருப்பதுபோல் ஒரு சின்னத் தராசு உண்டு. செல் வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கட்டைவிரல் பருமன் செல்லின்மேல், அது பிடிக்கிற மின்சாரத்தின் அளவு 'ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்' என்று கூசாமல் அச்சடித்து அனுப்புகிறார்களே, அவர்களை என்ன செய்வது? அந்த அளவு செல்லில் மூவாயிரத்துச் சொச்சம் அடைத்தாலே பெரிய விஷயம். நல்ல செல் நாற்பத்தைந்து கிராம் கனக்கும். பொய் செல் முப்பதைத் தாண்டாது. ஒன்றைப் பிரித்தே பார்த்திருக்கிறேன். உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு செல், மிச்சமெல்லாம் மணல். மணலுக்கு விலை போட்டு விற்கிறவன் நன்றாகவே இருக்க மாட்டான் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சபித்தேன். முதலாளி "மெதுவா, மெதுவா" என்றார்.

பழைய டார்ச் செத்துப்போய் அண்ணன் புது டார்ச் பார்க்க வந்த நாள் கடையில் ஒரே கூத்து. விலை கையைக் கடிக்கக் கூடாது, வெளிச்சம் பத்து மாடி ஆழம் போகவேண்டும், சட்டைப்பையில் இருப்பதே தெரியக் கூடாது என்றான். ஒரே செல் போடுகிற டார்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பார்க்கவில்லை. நேராக வாயில் வைத்துக் கடித்தான்.

"ஐயையோ, கடிச்சா வாங்கியே ஆகணும்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் குழந்தையை இழுத்துக்கொண்டாள்.

"தடிமனா இருக்கு குட்டி. அரை மணி நேரம் இத கவ்வுனா தாடை கழண்டுடும். என் வாய என்ன லிஃப்ட் கதவுன்னு நெனச்சியா?"

அப்புறம் ஒவ்வொரு டார்ச்சையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தேன். வரிசையாகக் கடித்துப் பார்த்தான். கடைசியில் ஒல்லியான ஒன்றைப் பிடித்துக்கொண்டான். பேனாவைவிடக் கொஞ்சம் பருமன். அதில் இரண்டு மெல்லிய லித்தியம் செல், ஒன்றின் பின் ஒன்றாக. தண்ணீர் புகாதபடி இரண்டு முனையும் இறுக்கமாக மூடிய குழல். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒற்றைச் செல் டார்ச்சில் ஒரு செல்லோடு இன்னொரு செல் மல்லுக்கட்டுகிற பிரச்சினையே கிடையாது. அதைச் சொன்னேன். "வாயில வைக்கப்போறது நீயா நானா?" என்றான். சரி, இரண்டும் ஒரே நாள் வாங்கிய ஒரே கம்பெனி செல், ஒன்றாகவே சார்ஜ் போடு, ஒன்றாகவே கழற்று என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினேன். சொன்னதை இரண்டு வருடம் அப்படியே கேட்டான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

அவன் எப்படிப்பட்டவன் என்று இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிஃப்டைத் தூக்கிப் பிடிப்பது நான்கைந்து இரும்புக் கயிறுகள். ஒரு கட்டடத்தில் நான்கில் ஒன்று நைந்துபோயிருந்தது. கட்டடக்காரர் நைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்றார். அண்ணன் முடியாது என்றான். பழையது உழைத்து உழைத்து நீண்டிருக்கும், புதியது நீண்டிருக்காது, இரண்டும் சமமாகப் பாரம் தாங்காது, மாற்றினால் நான்கையும் மாற்று, இல்லாவிட்டால் லிஃப்ட் ஓடாது என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் படியில் உட்கார்ந்திருந்தான். கம்பெனியிலிருந்து போன் மேல் போன். எழுந்திருக்கவில்லையே! நான்கு கயிறும் வந்த பிறகுதான் எழுந்தான். அப்படிப்பட்டவன்.

டார்ச் வாங்கி இரண்டு வருடம் ஆனபோது ஒரு நாள் மதியம் அவன் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வந்தான். டார்ச் நடுவில் நடுவில் சிமிட்டுகிறது என்றான். கழற்றிப் பார்த்தேன். ஒரு செல்லின் மேல்தோல் தலைப்பக்கத்தில் கிழிந்திருந்தது. செல்லைச் சுற்றி இருக்கிற அந்த மெல்லிய பிளாஸ்டிக்தான் அதன் உயிர். உச்சியில் இருக்கிற பொட்டு ஒரு முனை, மற்ற உடம்பு முழுவதும் எதிர்முனை. தோல் கிழிந்து இரும்பும் இரும்பும் தொட்டால் நெருப்பு.

"இதையா வாயில வச்சுக்கிட்டு திரியுற? உனக்கு புத்தி இருக்கா?"

"கொஞ்சமா பிஞ்சிருக்கு. டேப் ஒட்டிக்கலாம்னு பாத்தேன்."

அதைப் பிடுங்கி, கெட்டுப்போன செல் போடுகிற மணல் வாளியில் போட்டேன். புதுப் பெட்டி ஒன்றைக் கிழித்தேன். அதில் இரண்டு செல். இரண்டையும் போட்டுக்கொள் என்றேன்.

"பழசு ஒண்ணு நல்லாத்தானே இருக்கு. ரெண்டு வருஷம் உழைச்சிருக்கு, அத எதுக்கு தூக்கி எறியணும்? ஒண்ணு போதும் குட்டி. இன்னொன்ன எனக்குன்னு எடுத்து வை."

"ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும் அண்ணா."

"சரி, சரி. மீட்டர் வச்சு பாரு. நல்லா இருந்தா போட்டுக்கிறேன், இல்லன்னா நீ சொன்னபடி."

புதியதைத் தராசில் வைத்தேன். எடை சரியாக இருந்தது. இரண்டையும் சார்ஜரில் நிரப்பி மீட்டர் வைத்தேன். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின, ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லாமல். கடையில் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் சார்ஜரைக் கவுன்ட்டரில் தட்டித் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே எண்தானே என்று நானே இரண்டையும் குழலில் போட்டு, மூடியைத் திருகிக் கொடுத்தேன்.

அந்த மீட்டர் காட்டுவது செல் நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும்தான். எவ்வளவு பிடிக்கும் என்பதை அது காட்டாது. குடமும் சொம்பும் விளிம்புவரை நிரம்பியிருந்தால் மேலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் நிறைந்த பாத்திரம்தான். இரண்டு வருடம் உழைத்த செல் சொம்பாகச் சுருங்கியிருக்கும். அது சீக்கிரம் காலியாகிவிடும். புதியதோ நிற்காமல் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், காலியான செல்லின் வழியாகத் தலைகீழாக. அது சூடாகும், வாயு கட்டும். இறுக மூடிய குழலில் அந்த வாயுவுக்குப் போக வழியில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாடிக்கையாளர்களுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை நான் சொல்கிற பாடம் இது. கயிற்றுக்காக ஒரு நாள் முழுக்கப் படியில் உட்கார்ந்தவனுக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை. கிழிந்ததைப் பிடுங்கிவிட்டோம், ஆபத்து போய்விட்டது என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

செல் மாற்றிய பதினோராம் நாள் காலை பத்தரை மணி. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் பெட்டியின் கூரைமேல் நின்று, கதவுச் சட்டத்தை ஒரு கையால் தாங்கி, மறு கையால் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான். குழல் சுட்டிருக்கும். பெரிய வெளிச்சத்தில் வைத்தால் அது எப்போதும் கொஞ்சம் சுடும், அதனால் பொறுத்திருப்பான். துப்பினால் இருட்டு. சட்டத்தை விட்டால் கீழே ஏழு மாடி. மேலே மெஷின் அறையில் இருந்தவருக்குப் பட்டாசு வெடித்ததுபோல் ஒரே ஒரு சத்தம் கேட்டதாம். அப்புறம் கிணறு முழுக்கப் புகை.

முன்பல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கீழ்த்தாடை இரண்டாகப் போனது. நாக்கில் பாதிக்கு மேல் இல்லை. அந்தப் புகையை இழுத்ததில் நெஞ்சும் கெட்டது. நான்கு அறுவை சிகிச்சை. உயிர் இருக்கிறது. சாப்பாடு மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான். பேச்சு இல்லை. வீட்டில் வாய் ஓயாமல் எல்லாரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே வெறுப்பு வரும்.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி ஆள் ஒருவர் ஃபைலோடு வந்தார். கட்டிலருகில் நான் ஒருத்திதான் இருந்தேன். அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"செல்லு எங்க வாங்குனது?" என்று அவர் அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தான். காகிதத்தை வாங்கி எழுதினான்: 'வீட்ல கெடந்த பழசு. நானே போட்டேன்.'

அவர் அதை ஃபைலில் சொருகிக்கொண்டார். சொந்த டார்ச், வீட்டில் கிடந்த பழைய செல், தொழிலாளியின் அஜாக்கிரதை. கம்பெனி கையைக் கழுவிவிட்டது. கடையில் வாங்கியது, பார்த்துப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்று அவன் எழுதியிருந்தால் அவர்களால் அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழித்திருக்க முடியாது. ஆனால் கம்பெனி கடைமேல் பாயும், கடை என்னைத் தூக்கிப் போடும், என் பெண்ணின் படிப்பு நிற்கும். அவன் அதையெல்லாம் யோசித்திருக்கிறான், வாய் முழுக்கப் பஞ்சு அடைத்துக் கிடந்த நிலையில். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நாக்கு முழுசாக இருந்தது.

மூன்று வருடம் அண்ணியிடம் மறைத்தேன். அவள் வீட்டுக்குப் போனால் தரையைப் பார்த்துப் பேசுவேன். பாத்திரம் தேய்த்துக் கொடுப்பேன், துணி மடித்து வைப்பேன். "உக்காரு, நீ என்ன வேலைக்காரியா?" என்று அவள் சொல்லும்போது இன்னொரு துணியை எடுத்து மடிப்பேன்.

போன மாதம் அண்ணி கடைக்கு வந்தாள். இதற்கு முன் வந்ததே இல்லை. அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. கட்டடங்களில் தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை. உள்ளே விளக்கு கிடையாது.

"சின்னதா ஒரு டார்ச் வேணும். நல்லா வெளிச்சம் வரணும். ரொம்ப விலை வேணாம்" என்றாள்.

கடையைப் புரட்டிப் போட்டேன். ஒற்றைச் செல் டார்ச் மட்டும் ஆறு எடுத்து வைத்தேன். கழுத்தில் மாட்ட வளையம் இருக்கிறதா, ஈரக் கையில் வழுக்குமா, சூடு ஏறினால் தானாக வெளிச்சம் குறைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றைப் பத்து நிமிடம் எரியவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். செல்லும், அளவுக்கு மீறிக் காலியானால் தானே அறுத்துக்கொள்கிற பாதுகாப்புச் சர்க்யூட் உள்ளதாக ஒன்று எடுத்தேன். ஏற்கனவே தராசில் வைத்தது மறந்துபோய் அதை மூன்று தடவை நிறுத்தேன். தோலை விளக்கடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நிரம்பினதும் தானே நின்றுவிடுகிற சார்ஜர். மூடி இரண்டு முறை கீழே விழுந்தது. அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அண்ணி, அந்த செல்ல அண்ணாவுக்கு போட்டுக் குடுத்தது நான். வீட்ல கெடந்தது இல்ல. நான் தான். புதுசையும் பழசையும் சேத்து என் கையாலதான் போட்டேன்."

"தெரியும்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அந்த கம்பெனி ஆளு வந்துட்டு போன அன்னிக்கே உங்கண்ணன் எழுதிக் காட்டிட்டாரு. உங்கிட்ட கேக்கக் கூடாதுன்னும் எழுதுனாரு. என் தலைமேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நானும் மூணு வருஷமா பாக்குறேன், நீயா வாயத் தொறப்பன்னு."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"மன்னிக்கல." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவரு ஒரு வார்த்த பேசட்டும், அப்போ மன்னிக்கிறேன். வழி நெடுக எத்தன கடை இருக்கு, எல்லாத்தையும் தாண்டித்தான் இங்க வந்தேன். அங்க எல்லாம் கைக்கு வந்தத எடுத்து தலையில கட்டுவான். நீ கட்ட மாட்ட. இனிமே உன்னால முடியாது. அதுக்குத்தான் வந்தேன்."

பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதை எடுத்துக் கல்லாவில் போட்டேன். அவள் டார்ச்சைக் கழுத்தில் மாட்டி, அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள்.

"நாளைக்கு காலையில தொட்டிக்குள்ள எறங்கணும். எப்படி சார்ஜ் போடணும், எப்போ மாத்தணும், மொதல்லேந்து சொல்லு."

நான் முதலிலிருந்து சொன்னேன். எதையும் விடவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், என் முகத்தைப் பார்க்காமல்.