மாங்கேணி வாடியில் ஒரு பொதுப்பானை

1. அலவாங்கு விழுந்த நாள்

மாங்கேணிக்கு நான் வீதி வேலையை மேற்பார்க்கும் ஓவசியராகப் போன பத்தாம் நாள் தம்பிராசா மயங்கி விழுந்தான். பகல் இரண்டு மணி இருக்கும். மதகுக்கு அத்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தோம். அவன் கையிலிருந்து நழுவிய இரும்பு அலவாங்கு, குழிக்குள் நின்றவனின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்திட்டு நின்றது. சற்று இந்தப் பக்கம் விழுந்திருந்தால் கூலியாட்கள் தங்கும் அந்த வாடியிலிருந்து நான் அனுப்பும் முதல் அறிக்கையே மரண அறிக்கையாக இருந்திருக்கும்.

தம்பிராசாவை மாட்டுவண்டியில் போட்டு வாழைச்சேனைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த ஆஸ்பத்திரி அப்போதிக்கரி அவன் கண்ணைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவனுக்கு வருத்தம் ஒண்டுமில்ல, ஓவசியர். பசி. ஒங்கட ஆக்கள் பகலைக்கு என்ன தின்னுறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு பேரின் பெயரைக் காலையிலும் மாலையிலும் கூப்பிட்டு வரவு பதிந்தவன் நான். அவர்கள் என்ன தின்கிறார்கள் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

புதிதாக ஓவசியர் வேலைக்கு வருகிற பிள்ளைகள் இப்போது என்னிடம் மதகு கட்டுவது பற்றியும் கிரவல் மண் போடுவது பற்றியும் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் புத்தகம் உண்டு. வேலைத்தலத்துச் சாப்பாட்டைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லாதபடியால் இதை எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது. அந்த விஷயத்தில் நான் ஒன்றைச் சரியாகச் செய்தேன், இன்னொன்றில் கோட்டை விட்டேன்.

அடுத்த நாள் பன்னிரண்டு மணிக்கு விசில் ஊதிவிட்டு, வேலைத்தலத்தைச் சுற்றி நடந்தேன். உள்ளூர்க்காரர் சிலரிடம் பழஞ்சோறு இருந்தது. ஏறாவூர், ஓட்டமாவடிச் சோனகர், அதாவது முஸ்லிம் ஆட்கள், வாடியிலேயே தங்குபவர்கள். அவர்கள் இராச்சாப்பாடு மட்டும்தான் சமைப்பார்கள். பகலில் அவித்த மரவள்ளியும் பச்சை மிளகாயும். அதுவும் இல்லாதவனுக்குச் சக்கரைத் துண்டும் பாலில்லாத வெறுந்தேத்தண்ணியும். ஆளுக்கொரு மரத்தடியில், மற்றவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். கையில் இருப்பது கொஞ்சமென்றால் அதை யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் மனிதன் நினைப்பான்.

எனக்கும் அது தெரியும். நானும் என் குடிலுக்குள் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி அந்த வருடம்தான் காய்ச்சலில் போனாள். நாங்கள் நாவற்குடாவில் இருந்த வீடு அவளுடைய சீதன வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவள் போனதும் அது தங்கச்சிக்காரிக்கு என்றாகி, அவளுக்குக் கலியாணமும் பேசினார்கள். "நீங்க இருங்க மகன், ஆரும் ஒங்களப் போகச் சொல்லல்லையே" என்று மாமி அழுதார். புது மாப்பிள்ளை வரப்போகிற வீட்டில் பழைய மாப்பிள்ளை எங்கே பாய் விரிப்பது? நான் பிறந்த வீடு என் அக்காவுக்குப் போய்விட்டிருந்தது. ஒருவரும் போக விரும்பாத மாங்கேணி வேலையை நானே கேட்டு வாங்கினேன். வயது இருபத்தொன்பது.

2. மீராலெவ்வைக் காக்காவின் கை

கங்காணி கணபதிப்பிள்ளை கூலியாட்களை மேய்த்துப் பழகிய மனிதர். பொதுவாகச் சமைப்போம் என்று நான் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"அது சரிவராது ஐயா. இதில சோனகரும் இருக்காங்க, தமிழரும் இருக்காங்க. தமிழருக்குள்ளயும் பல மாதிரி. ஆர் சமைக்கிற? ஆர் தின்னுற?"

"மீன்தானே, கங்காணியார். ஆடு கோழி அறுத்தாத்தானே பிரச்சினை? ஒருக்காச் செஞ்சு பாப்பம்."

ஓட்டமாவடி மீராலெவ்வையை எல்லாரும் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்; அவருக்குக் கால் ஒன்று இழுக்கும். மண் சுமக்க அவரால் முடியாது. ஆனால் மீன் பிடித்த காலத்தில் தோணிக்காரருக்குச் சமைத்தவர். அவரைச் சமைக்கக் குசினிக்கு விட்டேன். ஆளுக்கு ஒரு சுண்டு, அதாவது ஒரு குவளை, அரிசி காலையில் கொண்டுவர வேண்டும். சுண்டு நிறையாதவன் விறகு கொண்டுவரலாம், கீரை பிடுங்கிவரலாம். மீன் வாவியில் இருந்தது.

முதல் நாள் தமிழரில் ஆறுபேர் தள்ளி நின்றார்கள். தம்பிராசாதான் முதலில் இலையைப் போட்டு உட்கார்ந்தவன். "பசியில விழுந்தவன் நான். எனக்கு ஒரு வெக்கமும் இல்ல. போடுங்க காக்கா" என்றான். மூன்றாம் நாள் அந்த ஆறு பேரில் நாலு பேர் வந்தார்கள். ஒரு கிழமைக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். காக்கா ஆக்கிய மீன் ஆணம் என்கிற குழம்பின் வாசனைக்கு முன்னால் எந்த வைராக்கியமும் நிற்காது.

சிவப்புக் குத்தரிசிச் சோறு. ஒருநாள் வாவியில் பிடித்த செத்தல் மீன், ஒருநாள் இறால், கிடைத்தால் நண்டு. முருங்கையிலையோ பொன்னாங்கண்ணியோ ஒரு சுண்டல் கட்டாயம் இருக்கும். வெயில் கொளுத்தும் நாளில் எருமை மோரில் உப்பும் வெங்காயமும் போட்டு ஒரு வாளி. சோனகர் ஐந்தைந்து பேராக ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்காருவார்கள். அதைச் சகன் என்பார்கள். தமிழர் எதிரே வரிசையாகத் தாமரை இலை போட்டு உட்காருவார்கள். நடுவில் பானை. முதுகு காட்டித் தின்ற மனிதர்கள் முகம் பார்த்துத் தின்னத் தொடங்கினார்கள்.

பின்னேரங்களில் மயக்கமும் இல்லை, வயிற்று நோவும் இல்லை. தம்பிராசாவின் கன்னத்தில் சதை வைத்தது. வீதிக்கு உடைத்துக் குவித்த கல்லை மாதம் முடிய அளந்தபோது, முந்திய மாதத்தைவிட நன்றாகக் கூடியிருந்தது. எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

3. மரத்தடியில் என் இடம்

அவர்கள் பந்தி போடும் மரத்திலிருந்து என் குடில் நாற்பது அடி. காக்கா எனக்கென்று ஒரு பீங்கான் கோப்பையில் சோறு போட்டு, இன்னொரு கோப்பையால் மூடி அனுப்புவார். சோறும் மீனும் அவர்கள் தின்றதுதான். நான் மேசையில் வைத்துச் சாப்பிடுவேன். வெளியே ஒருவன் கவி படிப்பான், மற்றவன் எதிர்க்கவி சொல்வான், எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள். என்ன சொன்னார்கள் என்று விளங்காது, சிரிப்பு மட்டும் வந்து சேரும். சொல்ல எனக்கு வெட்கமில்லை, சில நாள் சோற்றுக்கு முன்னால் இருந்து அழுதிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை என் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

"நானும் இஞ்ச இருக்கட்டா?"

இருபத்திரண்டு பேரும் எழும்பி நின்றார்கள். கங்காணி ஒரு சாக்கை உதறி விரித்தார். "இருங்க ஐயா, இருங்க!"

அன்று தின்ற சோற்றின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். பல மாதமாக யாரோடும் கதையாதவன் அல்லவா, வாய் மூடவில்லை. கொழும்பு பார்த்த கதை, பழைய ஓவசியரின் கதை, என் மனைவி முருங்கைக்காயில் இறால் போட்டு ஆக்குகிற கதை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவரும் குறுக்கே பேசமாட்டார்கள். இவ்வளவு பிரியமாகக் கேட்கிறார்களே என்று பூரித்துப் போனேன்.

பந்தியில் மற்றவர் முடிக்குமுன் எழும்பக்கூடாது என்பது என் வளர்ப்பு. ஆகவே என் சோற்றை மெல்ல மெல்லத் தின்று, எல்லாரும் வயிறு நிறையத் தின்னட்டும் என்று காத்திருப்பேன். மணிக்கூட்டில் ஒன்றாகும். எழும்பிக் கை கழுவி விசில் ஊதுவேன். இப்படி மூன்று கிழமை ஓடியது.

4. துரையின் கணக்கு

மாத முடிவில் இஞ்சினியர் துரை குதிரையில் வந்தார். கற்குவியலை அளக்கச் செய்தார். முந்திய மாதத்தைவிடக் கால்வாசி குறைந்திருந்தது. துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சவுக்கால் பானையைக் காட்டினார். பகலைக்கு இவ்வளவு சோறு போட்டால் இவர்கள் பின்னேரம் தூங்காமல் என்ன செய்வார்கள் என்றார். வருகிற மாதமும் குறைந்தால் பானை இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

பானை போனால் பழையபடி ஆளுக்கொரு மரம்தான், தம்பிராசா பழையபடி விழுவான். கங்காணியைக் கேட்டேன். முதலில் வெயில் என்றார், பிறகு கல்லு கடினம் என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. குசினிக்குப் போனேன். காக்கா சாம்பல் போட்டுப் பானை தேய்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, உண்மையைச் சொல்லுங்க. சோறு கூடிப்போச்சா?"

"சோத்தில பிழையில்ல ஐயா."

"அப்ப என்ன?"

"நீங்க கோவிக்கப்படாது."

"கோவிக்கமாட்டன். சொல்லுங்க."

"நீங்க வாறதுக்கு முந்தி, கால் மணித்தியாலத்தில தின்டு முடிச்சிப்போட்டு பொடியனுகள் மணலில சரிஞ்சி கிடப்பானுகள். ஒரு வாய் வெத்தில, ஒரு கண் நித்திர, ரெண்டு கவி. மறுகா நீங்க விசில் ஊதினா மாடு மாதிரி வேல செய்வானுகள். இப்ப நீங்க ஒழும்புற மட்டும் ஒருத்தனுக்கும் ஒழும்ப ஏலா. எப்பிடி ஒழும்புற? நீங்க ஓவசியர் ஐயா."

"நான் அவங்களுக்காகத்தானே காத்திருந்தன்! எல்லாரும் முடிக்கட்டும் எண்டு!"

காக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அவனுகள் எப்பயோ முடிச்சிட்டானுகள் ஐயா. கை காஞ்சிபோய்க் குந்திக்கிட்டு இருக்கானுகள்."

மூன்று கிழமையாக நான் அவர்களுக்கு மரியாதை செய்தேன், அவர்கள் எனக்கு மரியாதை செய்தார்கள், இரு பக்கமுமாகச் சேர்ந்து அவர்களின் நித்திரையைத் தின்றுவிட்டோம்.

மறுநாள் அவசரமாகத் தின்று பத்து நிமிடத்தில் எழும்பினேன். இருபத்திரண்டு பேரும் கூடவே எழும்பினார்கள். கிழவர்களின் இலையில் பாதிச் சோறு கிடந்தது. அதற்கடுத்த நாள், "நீங்க இருந்து சாப்பிடுங்க, ஆறுதலாப் படுங்க" என்று சொல்லிவிட்டு எழும்பி, கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தேன். சாப்பிட்டார்கள். ஒருவரும் படுக்கவில்லை. ஓவசியர் பார்த்துக்கொண்டிருக்க எவன் காலை நீட்டுவான்?

மூன்றாம் நாள் என் கோப்பையைக் குடிலுக்கே அனுப்பச் சொன்னேன்.

"காக்கா, இந்தக் கதை ஒங்களோட இருக்கட்டும். தெரிஞ்சா வெக்கத்தில வந்து கூப்பிடுவாங்க. மறுபடி அதே கூத்துத்தான்."

"ஒங்களுக்குத்தான் பாவமா இரிக்கி ஐயா" என்றார் காக்கா.

நாலு நாள் மரத்தடி அமைதியாக இருந்தது. ஐந்தாம் நாள் யாரோ மெல்லக் கவி எடுத்தான். பிறகு பழைய சிரிப்பு வந்துவிட்டது. நான் கோப்பைக்கு முன்னால் இருந்து அதைக் கேட்டேன். சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தோடு சோறு இறங்கவில்லை என்பதும் உண்மைதான். அடுத்த மாதம் கல் கூடிவிட்டது. துரை பானையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

5. வண்டியடியில்

எட்டு மாதம் கழித்து எனக்கு வேறிடத்துக்கு மாற்றம் வந்தது. ஆட்கள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் ஒருவரும் கிட்ட வரவில்லை. தம்பிராசா மட்டும் என் றங்குப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வண்டி வரை வந்தான்.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேள் தம்பி."

"எங்களில என்ன குறையக் கண்ட நீங்க?"

"ஏன்டா அப்பிடிக் கேக்கிறாய்?"

"மூணு கிழம எங்களோட குந்தித் தின்டீங்க. மறுகா எங்கட பக்கம் திரும்பியும் பாக்கல்ல. சோனகர் ஆக்கின சோறு எண்டு கொஞ்சப்பேர் கதைச்சாங்க. எங்கட சாதியப் பாத்துத்தான் எண்டு கொஞ்சப்பேர் கதைச்சாங்க. நான் கதைக்கல்ல ஐயா. ஆனா எனக்குச் சரியான கவல."

குசினி வாசலில் காக்கா நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாக்குத் தவறவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், ஓவசியரைத் தாங்கள்தான் துரத்திவிட்டோம் என்று இவன் நினைப்பானே என்று யோசித்தேன். அந்த யோசனைதான் என்னைக் கெடுத்தது.

"வயித்துக் கோளாறு தம்பி, வேறொண்டுமில்ல."

"எட்டு மாசமாவா ஐயா?"

பதிலுக்காக அவன் நிற்கவில்லை. பெட்டியை மெதுவாக வண்டியில் வைத்தான், கயிற்றால் இறுக்கிக் கட்டினான், திரும்பி நடந்தான்.

நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எட்டு மாதம் என்னையே மெச்சிக்கொண்டிருந்தேன். அது வெறும் வீம்பு. எனக்காக மூன்று கிழமை கை காய உட்கார்ந்திருந்த மனிதர்களிடம், "இப்படி ஒரு சிக்கல், என்ன செய்வம்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கிழமைக்கு ஒருநாள் வாங்க ஐயா என்று அவர்களே வழி சொல்லியிருப்பார்கள். இது என் மரமண்டைக்கு எட்ட முப்பது வருடம் எடுத்தது.

ஆகவே தம்பிமாரே, வேலைத்தலத்தில் பொதுப்பானை வையுங்கள். நல்ல அரிசியும் கீரையும் மீனும் போடுங்கள். ஆட்களோடு உட்காருவதா இல்லையா என்பதை அவர்களிடமே கேளுங்கள். எழும்பிப் போக நேர்ந்தால், ஏன் போகிறேன் என்று அவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்லவில்லை. எங்களோடு தின்ன மனமில்லாத ஓவசியர் என்றுதான் மாங்கேணியில் என்னை நினைவில் வைத்திருப்பார்கள்.