பன்னிரண்டாவது நாடா

விமானத் தளத்தில் அவரை எல்லோரும் "பன்னெண்டு" என்றே கூப்பிட்டார்கள். விமானத்தின் வயிற்றில் தொங்கும் ராக்கெட் தரையிலேயே தன் குணத்தைக் காட்டிவிடக் கூடாதென்று பன்னிரண்டு பூட்டு ஊசிகள் குத்தியிருப்பார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு சிவப்பு நாடா வால். விமானம் கிளம்புமுன் அவற்றைப் பிடுங்கிப் பையில் போடுவது பத்தொன்பது வருடமாக அவர் உத்தியோகம். "ஆபீஸ்ல என்னத்தப் பிடுங்கினீங்க?" என்று மனைவி கேட்டால் ரோஷப்படாமல் பதில் சொல்லக்கூடிய ஒரே கணவர் அவர்தான்.

ஊசிகள் பைக்குள் கிடக்கும். நாடாக்கள் வெளியே தொங்கும். வாலை எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

புது ராக்கெட் வந்ததிலிருந்து அவரை ஒரு கேள்வி குடைந்தது. நடுவானில் கழன்று விழுந்து ஐந்து நொடி கழித்துத்தான் அது பற்றுமாம். அந்த ஐந்து நொடியும் என்ன செய்யும்? பொறியாளரைக் கேட்டால், "விழும்" என்றார். இதற்கா இத்தனை படிப்பு!

சோதனையன்று காலை, தினமும் சாப்பாட்டு டப்பாவைத் தளத்திலேயே மறந்துவிட்டு வரும் கணவருக்காக, மனைவி பழைய சிவப்பு நாடா ஒன்றை அதில் கட்டினாள்.

"இதையும் ஒரு ராக்கெட்டுன்னு நெனச்சுக்குங்க. அப்பவாவது வீடு வந்து சேருதா பாப்போம்."

ஊசிப் பையில் சாப்பாடு வைக்கக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவர் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுபவர். பன்னெண்டு பையில்தான் வைத்தார்.

வழக்கம்போல் வாலை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். விமானம் பறந்தது. அதிகாரிகள் அதைக் காட்டும் திரைக்கு முன் கூடினார்கள். வெளியே பன்னெண்டு பசியோடு பையிலிருந்து டப்பாவை எடுத்தார். நாடா கூடவே வந்தது. மூடியில் வைத்த கை அப்படியே நின்றது. பையைக் கவிழ்த்தார். ஊசி பதினொன்றுதான்.

சொல்லாவிட்டால் ராக்கெட் பற்றாமல் கடலுக்குள் போகும். சொன்னால் பத்தொன்பது வருடப் பெயர் போகும். டப்பாவோடு ஓடினார்.

"மேடம், ஒரு ஊசி ராக்கெட்லயே இருக்கு!"

"பன்னெண்டுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?" என்றார் தலைமை அதிகாரி.

"பன்னெண்டாவது இதுங்க" என்று டப்பாவை நீட்டினார்.

அதிகாரி டப்பாவைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், விமானியோடு பேசும் ஒலிவாங்கியைப் பிடித்தார். "கழட்டாதீங்க. திரும்பி வாங்க."

இறங்கிய ராக்கெட்டின் வாலருகே ஊசி பத்திரமாக இருந்தது. மூன்று பேர் குழு டப்பாவை மேசைமேல் வைத்து விசாரித்தது. தீர்ப்பு: இனி ஊசியைத்தான் எண்ண வேண்டும், டப்பாவுக்கு நாடா கூடாது.

"அடுத்த தடவை நீங்க திரைக்கு முன்னால உக்காருங்க" என்றார் தலைமை அதிகாரி. "தன் தப்பத் தானே ஓடி வந்து சொன்ன ஆள இப்பத்தான் பாக்குறேன்."

இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்தார், பார்த்தார். அன்று துள்ளலோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"அந்த அஞ்சு நொடி என்ன செய்யுதுன்னு பாத்துட்டேன்டி!"

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமே செய்யல. சத்தமே இல்லாம, மூக்க லேசாத் தூக்கிக்கிட்டு..."

மனைவியின் பார்வை அவருடைய வெறும் கைகளில் நின்றது. "டப்பா எங்க?"

டப்பா தளத்திலேயே இருந்தது. அவளிடமிருந்து சத்தமே இல்லை. மூக்கு மட்டும் லேசாகத் தூக்கியது. பன்னெண்டு மிகுந்த ஆர்வத்தோடு மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்: ஒன்று, இரண்டு, மூன்று...